நீர்வண்ண ஓவியமும் நாழிகைக் கணக்கும்

ஓவியக் காட்சிக்குச் செல்வோர் ஒரு படத்தின்முன் நின்று முதலிற் கேட்கும் வினா, 'இதனை வரைய எத்தனை நாட் சென்றது?' என்பதே. படம் எதனைக் குறிக்கின்றது, யார் வரைந்தது, என்ன விலை என்பனவெல்லாம் அதன் பின்னரே வரும். கற்றோர் இவ்வினாவைக் கேட்டு நகைப்பதுண்டு. நகைத்தற்கு இதில் யாதுமில்லை. தச்சன் ஒரு கதவை எத்தனை நாளிற் செய்தான், நெய்பவன் ஒரு சேலையை எத்தனை நாளில் இழைத்தான் என்று கேட்டுக் கூலி கொடுத்துப் பழகிய நாட்டில் ஓவியனிடமும் அதனையே கேட்பது இயல்பு. உழைப்பை மதிப்பவனே உழைப்பின் அளவைக் கேட்கின்றான். ஆயின், நீர்வண்ண ஓவியத்தைப் பொறுத்தவரை இவ்வளவுகோல் பெரும்பாலும் பிழையான விடையைத் தருகின்றது; சிலவேளை அநீதியையும் விளைக்கின்றது. இவ்விரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டியது எமது பகுதிப் பாடசாலையொன்றில் நடந்த ஒரு சித்திரக் காட்சி. களுதாவளையிற் பிறந்தவர்க்குக் காட்சிப் பொருளுக்குக் குறைவில்லை. கிழக்கே வங்கக் கடல், மேற்கே மட்டக்களப்பு வாவி, இடையே மணலும் வெற்றிலைத் தோட்டங்களும் பிள்ளையார் கோயிலும். ஞாயிறு கடலில் எழுந்து வாவியில் மறையும் ஊர் இது. அக்காட்சியில் இரு படங்கள் இறுதிவரை போட்டியில் நின்றன. ஒன்று, கோயில் முகப்பையும் திருவிழாக் கூட்டத்தையும் மூன்று வாரம் இருந்து வரைந்தது. மற்றையது, வாவிக்கரையில் அந்திப் பொழுதில் ஏறக்குறைய நாற்பது நிமிடத்தில் முடிந்தது. முதற் பரிசு முன்னதற்குக் கிடைத்தது. அதுபற்றி எனக்கு வழக்கில்லை; தீர்ப்பு எவ்வாறும் அமையலாம். நடுவராக வந்தவர் சொன்ன காரணமே என் நெஞ்சில் தைத்தது. பின்னதை வரைந்த மாணவனை அழைத்து, எவ்வளவு நேரம் எடுத்தது என்று கேட்டு, விடையைக் கேட்டதும், அப்படியானால் இதில் என்ன உழைப்பு இருக்கின்றது என்று சபையறியச் சொன்னார். அவன் உண்மையைச் சொன்னதனாலேயே தோற்றான். அடுத்த ஆண்டு அவன் நான்கு நாள் என்று சொல்லக் கற்றுக்கொண்டிருப்பான்.

நீர்வண்ணத்தின் இயல்பை முதலில் நோக்குவோம். நுண்ணிய வண்ணப் பொடியை வேலம்பிசினோடு கலந்து, நீரிற் கரைத்து, வெண்டாளின்மேல் ஏற்றுவதே இம்முறை. எண்ணெய் வண்ணத்தில் வெண்மை வேண்டுமிடத்து வெள்ளையைப் பூசலாம். பிழைத்த இடத்தைச் சுரண்டிவிட்டு மேலே வேறொன்று தீட்டலாம். ஒரு மாதம் கழித்தும் திருத்தலாம். அங்கே காலம் ஓவியனுக்குத் துணை. தூய நீர்வண்ணத்திலோ ஒளி என்பது தாளின் வெண்மையே. வண்ணம் மெல்லிய கண்ணாடி போல் அதன்மேற் படிந்து, தாளில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தன்னூடு விடுகின்றது. ஒருமுறை மூடிய வெண்மையை முழுதும் மீட்டல் அரிது. நான்காவது பூச்சு, ஐந்தாவது பூச்சு என்று சேறுபடுத்தினால் ஒளி இறந்துவிடும். எனவே இங்கே நேரத்தைக் கூட்டக் கூட்டப் பயன் கூடும் என்னும் கணக்குச் செல்லாது. ஒரு குறித்த இடம்வரை நேரம் உதவுகின்றது; அதற்கப்பால் அதுவே கெடுக்கின்றது. அவ்விடம் எதுவென அறிந்து தூரிகையைக் கழுவி வைப்பதே இக்கலையின் பாதி.

நேரத்தை வகுப்பது ஓவியனின் விருப்பமும் மாத்திரமன்று. வானிலையும் அதற்குப் பங்காளி. மார்கழி மழையில் எமதூர்க் காற்றே ஈரத் துணி போன்றது. அப்பொழுது ஒரு வானப் பூச்சை இட்டால் அது காய்வதற்குள் சோறு உண்டு வரலாம். காயாத ஓரத்தில் அடுத்த வண்ணம் ஊறிப் பரவித் தன் விருப்பப்படி முகிலாகிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலைமை நேர்மாறு. தாளின் இடப்புறத்தில் இட்ட நீர், தூரிகை வலப்புறம் போய்ச் சேருமுன் உலர்ந்து கோடாக நிற்கும். ஒரே கை, ஒரே தாள், ஒரே காட்சி. மார்கழியில் இரண்டு மணி நேரம், ஆடியில் இருபது நிமிடம். மணிக்கூட்டை வைத்து மதிப்பிடும் நடுவர் இவ்விரண்டில் எதற்குக் கூடுதற் புள்ளி கொடுப்பார்?

நீர்வண்ணம் என்றாலே விரைவு என்னும் எண்ணம் எவ்வாறு எழுந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இதனை நில அளவைக்கும் போர்த்துறை வரைவுக்கும் பயிற்றினர். இங்கிலாந்தின் நீர்வண்ண மரபுக்கு முன்னோடியென மதிக்கப்படும் போல் சாண்ட்பி 1768 முதல் வுல்விச் இராணுவக் கல்விக்கூடத்தில் வரைதல் ஆசிரியராயிருந்தவர். வில்லியம் ரீவ்ஸ் என்பார் வண்ணத்தைச் சிறு கட்டியாக வார்த்து, நீர் தொட்டவுடன் கரையும்படி செய்தார். அதற்காக 1781 இல் அவருக்குப் பரிசும் கிடைத்தது. அதன்பின் சட்டைப்பையில் அடங்கும் ஒரு பெட்டியும் ஒரு குவளை நீருமே போதுமாயின. பயணிகளும் படையினரும் குடியேற்ற நாடுகளின் உத்தியோகத்தரும் இக்கருவியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டனர். இலங்கைக்கும் அது அவ்வழியே வந்தது. கொழும்பு அக்கடமியில் வரைதல் கற்பித்த அந்திரு நிக்கல் என்னும் அயர்லாந்து ஓவியர், 1848 இல் இந்நாட்டுக் காடுகளினூடே ஐந்து வாரம் பயணஞ்செய்து வரைந்து, அப்பயணத்தைப் பின்னர்க் கட்டுரையாகவும் எழுதினார். யானையும் காய்ச்சலும் மழையும் நிறைந்த வழியில் நின்று நிதானித்து வரைய யாருக்கு இயலும்? அவருடைய விரைவு கலைக் கொள்கையன்று, பயணத்தின் கட்டாயம். ஆயினும் அவர்போன்றோர் விட்டுச்சென்ற படங்களைக் கண்டே, நீர்வண்ணம் ஒரு குறிப்பேடு, எண்ணெய் வண்ணமே காவியம் என்னும் தரப்பாகுபாடு எம்மவர் உள்ளத்திலும் வேரூன்றிற்று. 1920 களில் கலைக் கல்விப் பரிசோதகராயிருந்த வின்சர் காலத்தின் பின்னரும், அவர் பெயராலேயே கழகமமைத்து யாழ்ப்பாணத்து நிலக்காட்சிகளைத் தீட்டிய எஸ். ஆர். கனகசபை முதலிய ஆசிரியர்களின் காலத்தின் பின்னரும் அப்பாகுபாடு முற்றாக நீங்கவில்லை.

விரைவைப்பற்றிப் பேசுவோர் தவறாது எடுத்துக்காட்டும் நிகழ்ச்சியொன்று உண்டு. 1818 இல் டர்னர், யோர்க்சயரில் ஃபார்ன்லி மாளிகையில் தம் நண்பர் வால்டர் ஃபாக்ஸின் விருந்தினராகத் தங்கியிருந்தார். ஒருநாட் காலையுணவின்போது, பெரும் போர்க்கப்பல் எவ்வளவு பெரிது என்று உணர்த்தும் படம் ஒன்று வேண்டுமென நண்பர் கேட்டார். டர்னர் அவ்வீட்டு மகனை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். தாள் ஊறும்வரை நீர்வண்ணத்தை ஊற்றினார், கிழித்தார், சுரண்டினார், தேய்த்தார், ஒரே குழப்பமாயிருந்ததாம். நண்பகல் உணவுக்கு மணியடிக்கும் வேளையில் கயிறும் பீரங்கி வாயில்களும் அலையும் ஒன்றும் குறையாத போர்க்கப்பலோடு வெளியே வந்தார். அருகிருந்து பார்த்த மகன் சொல்லியே இது உலகறிந்தது. இன்றும் அப்படம் பெட்ஃபோட் நகரத்துக் கலைக்கூடத்தில் உளது.

மூன்று மணி நேரம் என்று வியப்போர் இன்னொன்றையும் கேட்டல் வேண்டும். கண்முன் கப்பலே இல்லாத உள்நாட்டு மாளிகையில் இருந்து அவர் எதைப் பார்த்து வரைந்தார்? இளமை தொட்டுத் துறைமுகங்களில் நின்று நிரப்பிய குறிப்பேடுகளை அன்று அவர் திறக்கவும் தேவையிருக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1819 இல், இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தருகே உடன் சென்ற ஒருவர், இடத்திலேயே வண்ணந் தீட்டலாமே என்றபோது, ஒரு வண்ணப் படத்துக்குச் செல்லும் நேரத்திற் பதினைந்தோ பதினாறோ பென்சிற் படங்கள் எடுக்கலாமே என்று டர்னர் மறுத்தாராம். இவ்விரண்டையும் இணைத்துப் பார்த்தால் அவர் நேரத்தை எவ்வளவு கஞ்சத்தனமாகச் செலவிட்டார் என்பது புலனாகும். பார்க்க வேண்டிய இடத்தில் வண்ணத்துக்கு நேரம் கொடுக்கவில்லை. வண்ணந் தீட்டும் இடத்தில் பார்ப்பதற்கு நேரம் வேண்டியிருக்கவில்லை.

இதே வினா நீதிமன்றம் ஏறியதும் உண்டு. அது எண்ணெய் வண்ணப் படம்பற்றியதாயினும் ஈண்டுக் கருதத்தக்கது. 1877 இல் விஸ்லர், இரவில் வாணம் சொரியும் காட்சியொன்றை இலண்டனில் வைத்து 200 கினி விலை குறித்தார். ஜோன் ரஸ்கின் அதனைக் கடுஞ்சொல்லால் இகழ்ந்தெழுத, விஸ்லர் மானநட்ட வழக்குத் தொடர்ந்தார். 1878 இல் நடந்த விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டதும் எம்மூர் நடுவர் கேட்ட அதே வினா. இரண்டு நாள் என்றார் விஸ்லர். இரண்டு நாள் உழைப்புக்கா இருநூறு கினி என்று வழக்கறிஞர் மடக்க, உழைப்புக்கன்று, வாழ்நாள் முழுதும் திரட்டிய அறிவுக்கே அவ்விலை என்ற கருத்துப்பட விடையிறுத்தார். வழக்கில் அவர் வென்றார். கிடைத்த நட்டஈடோ ஒரு பார்திங், அஃதாவது பென்னியின் காற்பங்கு. வழக்குச் செலவு தலைமேல் விழ, மறு ஆண்டே அவர் வங்குரோத்தானார். இதில் எனக்கு விளங்காத புதிர் ரஸ்கினே. டர்னரை உலகுக்கு விளக்குவதற்கெனத் தம் இளமை முழுவதையும் ஈந்தவர் அவர். ஒரு காலையில் ஒரு போர்க்கப்பலை உண்டாக்கிய கையைப் போற்றியவர், இரண்டு நாளில் ஓர் இரவை உண்டாக்கிய கையை ஏன் நிந்தித்தார்? படத்தில் முடிவுபெற்ற உழைப்புக் கண்ணுக்குத் தெரிதல் வேண்டும் என்று அவர் கருதினார் போலும். டர்னரின் கப்பலில் கயிறுகளை எண்ணலாம்; விஸ்லரின் இரவில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. எண்ணத்தக்கதை மாத்திரம் உழைப்பெனக் கொள்ளும் இப்பிழையைப் பெரும் அறிஞரே செய்தாரெனின் எம் பகுதி நடுவரை மிகவும் குறை கூறுதல் தகாது.

இதுவரை கூறியதைக் கொண்டு, விரைந்து தீட்டுவதே நீர்வண்ணத்தின் உயர்நிலை என யாரும் முடிவு கட்டிவிடலாகாது. 1502 இல் டியூரர் தீட்டிய இளமுயலை நினைக்க. நீர்வண்ணத்தோடு ஒளிபுகா வண்ணமும் கலந்து, முதலிற் பொதுவான ஒரு பழுப்பை இட்டு, அதன்மேல் ஒவ்வொரு மயிராக, அது வளரும் திசைக்கேற்பத் தீட்டியுள்ளார். அடுத்த ஆண்டு ஒரு புற்கட்டையையும் அவ்வாறே தீட்டினார். இவை ஒரு காலைப் பொழுதின் வேலையல்ல என்பதைக் காண எவரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. வியன்னாவிலுள்ள அம்முயலை ஒளி தின்றுவிடாதிருக்கச் சில மாதங்களே மக்கட்குக் காட்டிப் பின் பல ஆண்டு இருளில் வைப்பர். தீட்டிய நேரத்தை எண்ணுவோர், தீட்டிய பின் தாள் வாழும் காலத்தை எண்ணுவதில்லை. உவர்க்காற்றும் பூஞ்சணமும் கறையானும் உள்ள எம் கரையில் இது சிறு கவலையன்று. 1978 இன் சூறாவளியும் 2004 இன் கடற்கோளும் கண்ட வீடுகளில் தாளும் சுவரும் ஒருங்கே போயின.

எமக்கு அண்மையிலும் நிதானத்தின் மரபொன்று இருந்தது. 1903 இல் யப்பானிய ஓவியர் தைக்கான் கல்கத்தாவுக்கு வந்து தங்கியபோது, அவர் அகன்ற தூரிகையால் தாளை நனைத்து வண்ணத்தை மென்மையாக்குவதை அபனீந்திரநாத் தாகூர் கண்டார். அவர் அதனினும் ஒருபடி மேலே சென்று, தீட்டிய தாள் முழுவதையும் நீரில் அமிழ்த்தினார். காயவிட்டு மீண்டும் தீட்டி மீண்டும் அமிழ்த்தினார். ஒவ்வொரு முழுக்கிலும் தாளிற் பற்றாத வண்ணம் கழிந்துபோகப் பற்றியது மாத்திரம் எஞ்சியது. 1905 இன் பாரத மாதா இவ்வாறு தோன்றியதே. இம்முறையிற் கைவேலை நேரம் குறைவு. காயும் நேரமே அதிகம். ஓவியன் சும்மா இருக்கும்போதும் ஓவியம் நடந்துகொண்டிருக்கின்றது. அவரிடம் பயின்ற தேவி பிரசாத் ராய் சௌத்திரி 1929 இற் சென்னைக் கலைப் பள்ளியின் தலைமையை ஏற்றபோது இம்மரபின் காற்றுத் தமிழகத்துக்கும் வந்தது. எனினும் அவரிடம் பயின்ற கே. சி. எஸ். பணிக்கர் தம் தொடக்க காலத்தில் தீட்டிய கேரளத்து நீர்நிலைப் படங்களில் நனைத்து மூழ்குவிக்கும் மென்மையில்லை. தாளின் வெண்மையை விட்டுவைத்து விரைந்து செல்லும் தெளிவே உண்டு. ஆசிரியரின் நேரக் கணக்கு மாணவனுக்குப் பொருந்தவில்லை. பொருந்த வேண்டிய கட்டாயமுமில்லை.

இன்னும் ஒருவகை நேரம் உண்டு. 1904 இல் முதியவரான செசான் நீர்வண்ணந் தீட்டுவதை எமில் பெர்னார் என்னும் இளம் ஓவியர் அருகிருந்து கண்டு எழுதியுள்ளார். நிழலில் ஒரு வண்ணத் திட்டில் தொடங்குவாராம், அதனை மூடி நீளும் இன்னொன்று, பின்னும் ஒன்று. ஒவ்வொன்றும் காய்ந்த பின்னரே அடுத்ததை ஏற்றுதல் அவர் வழக்கம். அவருடைய நீர்வண்ணப் படங்களிற் பெரும்பகுதி தாள் வெறுமையாகவே கிடக்கின்றது. அவ்வெறுமைக்குத் தூரிகை செலவிட்ட நேரம் ஒன்றுமில்லை. கண் செலவிட்டதோ மிகுதி. இங்கு வைக்கலாகாது என்று தீர்மானிக்க எடுத்த நேரத்தை எந்தக் கூலிப் பட்டியலில் எழுதுவது?

சீன நாட்டுப் பழைய ஓவிய நூல்களில் ஒரு கதை வழங்குகின்றது. தாங் பேரரசர் சுவான்சோங், சியாலிங் ஆற்றின் காட்சியை அரண்மனைச் சுவரில் தீட்டுமாறு இரு பெரும் ஓவியரைப் பணித்தாராம். வூ தாவோசு அதனை ஒரே நாளில் முடித்தார். லீ சிசுன் பல மாதம் எடுத்தார். இரண்டும் தத்தம் அளவில் நிறைவெய்தியவை என்று பேரரசர் பாராட்டினார். இது நடந்ததா என்பதில் வரலாற்றறிஞர்க்கு ஐயமுண்டு. இருவர் காலமும் நன்கு பொருந்தவில்லை என்பர். கதையாயினும் அப்பேரரசர் நல்ல நடுவர். அவர் நேரத்தைக் கேட்கவில்லை என்பதில்லை. கேட்டறிந்த பின்னரும் அதனைத் தராசில் வைக்கவில்லை.

எமதூரார் ஒருவரிடம் இவ்விடயத்தைப் பேசியபோது, வெற்றிலை கிள்ளுவதற்கு எவ்வளவு நேரம், கொடி படர்வதற்கு எவ்வளவு நேரம் என்று கேட்டார். உவமை அழகியது, விஸ்லரின் விடையும் அதுவே. ஆயினும் இதனை நான் முழுதும் ஏற்கத் தயங்குகின்றேன். வாழ்நாள் அறிவு என்னும் விடை முதியவர்க்குப் பொருந்தும். பதினாறு வயது மாணவனுக்கு எந்த வாழ்நாள்? அவன் படம் நன்றாயிருந்தால் வேறு காரணம் கூற வேண்டும். மேலும், இவ்விடை சோம்பலுக்கும் கேடயமாகின்றது. பத்து நிமிடத்தில் பூசி முடித்ததைக் காட்டி, அனுபவம் பேசுகின்றது என்போர் பெருகிவிட்டனர். இக்காலத்துத் திரைகளில் ஒரு மணி நேர வேலையை ஒரு நிமிடமாகச் சுருக்கி ஓட்டிக் காட்டுகின்றார்கள். அதைப் பார்த்து வளரும் சிறுவன் காத்திருத்தல் என்பது இக்கலையில் இல்லவேயில்லை என்று எண்ணுகின்றான். ஈரத் தாளின்மேல் ஈர வண்ணத்தைச் சேர்த்துச் சேறாக்கிவிட்டு, தாளைக் குறை சொல்கின்றான். மெதுவாகச் செய்வதைப் புகழும் நடுவரும் விரைவாகச் செய்வதைப் புகழும் இரசிகரும் ஒரே மணிக்கூட்டின் இரு பக்கத்தில் நிற்பவர்களே.

அவ்விரு படங்களையும் பின்னர் ஒருநாள் கேட்டு வாங்கித் தனித்திருந்து பார்த்தேன். கோயிற் படத்தைச் சிறுமைப்படுத்தல் என் கருத்தன்று. முகப்பின் சிற்ப வரிசைகளை அம்மாணவி ஒன்றும் விடாது எழுதியிருக்கின்றாள். நிழல் விழும் பக்கத்தில் மூன்றடுக்கு நீலத்தை, ஒவ்வொன்றும் காய்ந்தபின் ஏற்றியிருக்கின்றாள் என்பது ஓரங்களின் கூர்மையால் தெரிகின்றது. அங்கே மூன்று வாரமும் நற்பயன் விளைத்துள்ளன. ஆயின் கூட்டத்தை வரைந்த கீழ்ப்பாதியில் நேரம் அவளுக்குப் பகையாகிவிட்டது. ஒவ்வொரு முகத்துக்கும் கண்ணும் மூக்கும் இட்டு, இட்டதைத் திருத்தி, திருத்தியதை வெள்ளை வண்ணத்தால் மூடியதால், திருவிழாக் கூட்டம் அசையாத பொம்மைக் கொலுவாயிற்று. முதல் வாரத்தோடு அக்கூட்டத்தை விட்டிருந்தால் அது மூச்சுவிட்டிருக்கும்.

வாவிப் படத்தில் மூன்றே வண்ணம். எம் நாட்டில் அந்தி நீண்ட பொழுதன்று. கதிரவன் மறைந்தபின் நிறம் நிற்பது அரை மணிக்கும் குறைவு. நாற்பது நிமிடத்துக்குமேல் எடுக்க அவனுக்குக் காட்சியே இடந்தரவில்லை. ஒரே பூச்சில் வானத்தையும் நீரையும் இட்டு, அது ஈரமாயிருக்கும்போதே அக்கரைக் காட்டின் கருமையைத் தொட்டு விட்டிருக்கின்றான். அது மேலும் கீழும் தானே ஊறிக் காடும் அதன் நிழலுமாக நிற்கின்றது. நடுவே நீரின் ஒளிக்குத் தாளை அப்படியே விட்டிருக்கின்றான். அந்த வெண்கீற்றைத் தொடாமல் விடுவதற்கு எத்துணைத் துணிவு வேண்டும் என்பதைத் தூரிகை பிடித்தோர் அறிவர். இடது மூலையில் மாத்திரம் ஒரு தோணி. அது கூரிய விளிம்போடு, காய்ந்த வண்ணத்தின்மேல், வலைஞனின் கைவிரல்வரை நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கின்றது. அதைப்பற்றி அவனிடம் வினவினேன். படம் மிக வெறுமையாயிருக்கின்றது, இன்னும் கொஞ்சம் வேலை செய்து கொடு என்று வீட்டில் ஒருவர் சொன்னதால், காட்சிக்கு முதல்நாள் இரவு இரண்டு மணி நேரம் இருந்து சேர்த்ததாகச் சொன்னான். அந்த இரண்டு மணி நேரத்தை அவன் நடுவரிடம் கூறவில்லை. படத்தில் உயிரில்லாத இடம் அத்தோணி ஒன்றே.